இல்லாத ஊரிலிருந்து வந்த பால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. பெருமாள் விஷயம் வேறு, திருப்பதியில் குடியிருந்துகொண்டு அவரை நம்பாமல் இருக்க முடியாது, தினம் மலையைப் பார்த்துத்தான் பல் தேய்க்கிறேன். ஆனால் யாராவது "எங்க தெருவுல ஒரு வீட்ல..." என்று ஆரம்பித்தால் எழுந்து போகிறவள் நான். என் வேலை அப்படி. கம்ப்யூட்டரில் ஒன்று நின்றுபோனால் அதற்குக் காரணம் என்று ஒன்று இருக்கும், இன்றைக்கு அகப்படாவிட்டால் நாளைக்கு அகப்படும். அகப்படாத காரணம் என்று நான் பார்த்தது இது ஒன்றுதான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

நான் வேலை செய்வது ஒரு பால் கம்பெனியில். பெயர் வேண்டாம். ஆபீஸ் திருப்பதியில், சந்திரகிரி போகிற சாலையில். பால் வந்து சேருகிற பிளான்ட் சித்தூருக்கு வெளியே. ஊர் ஊராகப் பால் சென்டர், ஒவ்வொரு சென்டரிலும் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு என்று காலையும் மாலையும் எண்கள் வந்து கொட்டும். அந்த எண்களை மேலதிகாரிகள் பார்க்கிற மாதிரி அறிக்கைகளாகச் செய்து வைத்திருக்கிறோம். எந்த ஊரில் பால் குறைகிறது, எந்த வண்டி தாமதம் என்று ஆயிரத்தெட்டு அறிக்கைகள், அவை எல்லாம் சேர்ந்திருக்கிற இடத்துக்குக் களஞ்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் களஞ்சியத்துக்கு நர்ஸ் மாதிரி நான். இடம் நிரம்பிவிட்டதா, ஏதாவது அறிக்கை மூச்சுத் திணறுகிறதா, செய்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்ட அறிக்கை அநாதையாகக் கிடக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாக இருக்கிற வரைக்கும் நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது, நின்றால் மட்டும் எல்லோருக்கும் என் போன் நம்பர் ஞாபகம் வரும்.

களஞ்சியம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு சின்ன அறிக்கை செய்து வைத்திருந்தேன். அதற்கு நாடி என்று பெயர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் தானாகவே அதைத் திறந்து பார்க்கும், எதிர்பார்த்த பதில் வந்தால் என் திரையில் பச்சை, வராவிட்டால் சிவப்பு. நிஜமான ஊரின் எண்களை இதற்கு வைத்தால் அவை தினம் மாறும், ஒப்பிட முடியாது. அதனால் எங்கள் வேலையில் எல்லோரும் செய்கிற மாதிரி நானும் இல்லாத ஒரு சென்டரைக் கற்பனை செய்தேன். டெஸ்ட் பள்ளி என்று வைத்தேன், மேனேஜர் பார்த்துவிட்டு, "டைரக்டருங்க கண்ணுல படும், நல்லதா ஒரு பேரு வைம்மா" என்றார். ஒண்டிசிந்தபள்ளி என்று மாற்றினேன். தெலுங்கில் ஒற்றைப் புளியமரத்து ஊர். புளியமரம் என்றதும் ஒரு மாதிரி பார்க்காதீர்கள், அன்றைக்கு மத்தியானம் புளிசாதம் கொண்டுபோயிருந்தேன், அவ்வளவுதான். பால் நூறு லிட்டர், கொழுப்பு நாலு. சென்டர் பொறுப்பாளர் என்ற இடத்தைக் காலியாக விட்டால் சேமிக்க விடாது, அதனால் முனெம்மா என்று அடித்தேன். சித்தூர் ஜில்லாவில் தடுக்கி விழுந்தால் ஒரு முனெம்மா மேல்தான் விழ வேண்டும். அந்தப் பெயர் திரையில் தெரியாது, என்னைத் தவிர யாருக்கும் தெரியவும் தெரியாது.

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழுமலை என்று பெயர். எங்களுக்குப் பூர்வீகம் நகரி பக்கம். நைனா, அதாவது அப்பா, போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவன்தான், லாரி ஓட்டி. நடுவில் குடிப் பழக்கம் பிடித்துக்கொண்டு, நாயுடுபேட்டையில் ஒரு லாரியைப் பள்ளத்தில் இறக்கி, அதற்குப் பிறகு எவரும் அவனிடம் சாவி தரவில்லை. குடியை விட்டான். நிஜமாகவே விட்டான். நான் கம்பெனியில் கெஞ்சிக் கேட்டு அவனுக்குப் பால் டேங்கர் ஓட்டும் வேலை வாங்கிக் கொடுத்தேன். கங்காதர நெல்லூர் பக்கத்து ஊர்களில் காலையில் பால் எடுத்துக்கொண்டு பிளான்டில் சேர்க்க வேண்டும். ஆனால் ஒருமுறை குடித்தவன் வாயை உலகம் மோந்துகொண்டேதான் இருக்கும். அண்ணிகூட அவன் வீட்டுக்குள் வந்ததும் முதலில் பக்கத்தில் போய்தான் பேசுவாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, நான் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நாடி சிவப்பாகியது. களஞ்சியம் நின்றிருந்தால் பதிலே வராது, திணறினால் தாமதமாக வரும். இது இரண்டும் இல்லை. பதில் உடனே வந்தது, ஆனால் வேறு பதில். நூறு லிட்டருக்குப் பதில் முப்பத்தெட்டு லிட்டர் என்று இருந்தது.

உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. நான் டீயைக் கீழே வைத்தேன். அந்த நூறு எங்கிருந்தும் வருகிற எண் இல்லை, என் விரலால் அந்த அறிக்கைக்குள்ளேயே அடித்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், சட்டியில் நூறு இருக்கிறது, அகப்பையில் எப்படி முப்பத்தெட்டு வரும்? யாராவது உள்ளே போய் மாற்றினார்களா என்று பார்த்தேன், நான் செய்த நாளுக்குப் பிறகு அதை ஒருவரும் தொடவில்லை. கடைசியில் எங்கள் கம்ப்யூட்டர் ஜாதி வழக்கப்படி நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். பச்சை வந்துவிட்டது. நூறு லிட்டர். விட்டது சனி என்று டீயை எடுத்தால் ஆறிப்போயிருந்தது.

மத்தியானம் சித்தூர் பிளான்டிலிருந்து வெங்கடேசுலு சார் போன் செய்தார். வண்டிகளுக்கெல்லாம் சூப்பர்வைசர் அவர். தெலுங்குக்காரர், என்னிடம் தமிழ் பேசுகிறேன் என்று இரண்டையும் கலந்து அடிப்பார்.

"ஏம்மா தேவகி, மீ அன்ன எக்கட, எங்க உங்க அண்ணன்? வண்டி இன்னும் வரல. போன் போகல. பாலு கெட்டுப்பூடும்மா. மறுபடியும் ஆரம்பிச்சுட்டானா?"

"சார், அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு சார்."

"அப்ப எங்க போனான்? கடைசி சென்டரு ஒண்டிசிந்தபள்ளி, அங்கேர்ந்து வர்றதுக்கு இம்மாம் நேரமா?"

எந்த ஊர் என்று திரும்பக் கேட்டேன். அதையேதான் சொன்னார். விஷயம் என்னவென்றால், டிரைவர்களுக்கு எந்தெந்த ஊர் போக வேண்டும் என்று போனில் காட்டுகிற ஏற்பாடு அந்த வாரம்தான் வந்திருந்தது. அதைச் செய்தவர்கள் எங்கள் களஞ்சியத்திலிருந்து சென்டர்களை மொத்தமாக அள்ளியிருக்கிறார்கள், நாடிக்காக வைத்த பொய் ஊரும் அதோடு போய்விட்டது. இது நடக்கக்கூடியதுதான், யாரும் யாரையும் கேட்காமல் வேலை செய்தால் இப்படித்தான் ஆகும். அப்படி ஒரு ஊரே இல்லை சார் என்றேன். "லேதா? ஊரே இல்லன்னா ஒன் அண்ணன் எங்கம்மா போயிருக்கான்?" என்று கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே, "இரு இரு, வண்டி வந்துடுச்சு" என்று போனை வைத்துவிட்டார்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டு சித்தூர் பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அண்ணன் குடித்திருப்பானோ என்று நானும் நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன்.

போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். பிளான்ட் வாசலில் அண்ணன் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாயில் கருவியை வைத்து ஊதச் சொல்லியிருக்கிறார்கள், மடியில் கனமில்லை, ஊதியிருக்கிறான். ஒன்றும் இல்லை. பாலில் தண்ணீரும் இல்லை. ஆனால் மற்ற சென்டர்களில் எடுத்த பாலையெல்லாம் கூட்டினால் வருவதைவிட டேங்கரில் அதிகமாக இருந்தது. எவ்வளவு என்று கேட்டேன்.

"முப்பத்தெட்டு லிட்டரு," என்றார் வெங்கடேசுலு சார். "பாலைத் திருடுனவன் எத்தினியோ பேரைப் பாத்துட்டேன்மா. பாலைக் கூட்டிக்கினு வந்தவனை இன்னிக்குத்தான் பாக்கறேன். எங்க புடிச்ச பாலு, எதுக்குக் கலந்தான்னு இவன் சொல்லணும். இல்லன்னா நான் மேல எழுதிப்பூடுவேன், வேலை போயிடும்."

காலையில் நாடி காட்டிய எண்ணை நான் அவரிடம் சொல்லவில்லை.

அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பதற்றமே இல்லாமல் சொன்னான்.

"எப்பவும் போற கடைசி சென்டரு முடிச்சிட்டு பாத்தன் பாப்பா, இன்னும் ஒரு ஊரு பேரு இருந்துச்சி. வழி காட்டல, பேரு மட்டும்தான். கால்வா மேல ஒரு அம்மா தூக்கு எடுத்துக்கினு நடந்து போய்க்கினு இருந்தாங்க. கேட்டேன். 'அங்கதான் போறன், பின்னாடியே வா நைனா'ன்னாங்க. மெதுவா ஓட்டிக்கினு போனேன். ஒரு புளியமரம், ஒரு கொட்டாய், பத்துப் பதினைஞ்சு பேரு பால் எடுத்துக்கினு நின்னுக்கினு இருந்தாங்க. ஒருத்தரும் பேசல. பால் கறந்து ஆறவேயில்ல, கேன் சுட்டுச்சி."

"அவங்க எதுவும் சொல்லலையா?"

"அந்த அம்மாதான் சொன்னாங்க. 'தினம் பாத்துக்கினே கீறாங்க, எடுத்துக்கினு போகத்தான் யாரும் வரல'ன்னாங்க. அப்புறம் உன்னக் கேட்டாங்க. 'எங்களையே பாத்துக்கினு இருக்குதே அந்தப் பொண்ணு, நல்லா கீதா?'ன்னு. உனக்குத் தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன் பாப்பா. ஜுன்னு குடுத்தனுப்புனாங்க."

கேபினிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்துக் கொடுத்தான். கன்று போட்ட மாட்டின் சீம்பாலில் வெல்லம் போட்டு வேகவைப்பதைத்தான் எங்கள் பக்கம் ஜுன்னு என்போம். சென்டருக்கு ஊற்ற மாட்டார்கள், வேண்டியவர்களுக்குக் கொடுப்பார்கள். தூக்கின் வயிற்றில், பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவார்களே, அந்த மாதிரிப் புள்ளி எழுத்தில் முனெம்மா என்று வெட்டியிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், தூக்கைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெயரை அண்ணனிடம் நான் சொன்னதே இல்லை. ஆயிரம் முனெம்மா இருக்கிறார்கள், நான்தான் சற்று முன் சொன்னேன், நீங்களும் அதையே சொல்வீர்கள். சொல்லுங்கள். அன்று இரவு நகரியில் அண்ணன் வீட்டில் குழந்தைகள் அந்த ஜுன்னுவைச் சப்புக்கொட்டித் தின்றார்கள், நானும் ஒரு வாய் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. அண்ணி தூக்கைக் கழுவி, வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அதில் சர்க்கரை போட்டு மூடிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை வெங்கடேசுலு சார் ஜீப்பில் மூன்று பேரும் போனோம். தூக்கை நான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசி சென்டர்காரர் அப்படி ஒரு ஊரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். கால்வாய் ஓரமாகவே அண்ணன் வழி சொல்லச் சொல்லப் போனோம். வழி ஓர் ஏரிப் புறம்போக்கில் முடிந்தது. புளியமரம் இல்லை, கொட்டகை இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் ஈரச் சேறும் கோரையும்தான். ஆனால் டேங்கரின் டயர் தடம் இருந்தது. வழியே இல்லாத சேற்றில் நேராக உள்ளே போய், ஒரு இடத்தில் நின்று, திரும்பி வந்திருந்தது. அவ்வளவு பாரமான வண்டி அந்தச் சேற்றில் புதைந்திருக்க வேண்டும், புதையவில்லை. நின்ற இடத்தில் அண்ணன் இறங்கி நடந்த செருப்புத் தடம் இருந்தது. வேறு ஒரு கால் தடம்கூட இல்லை.

அண்ணன் அந்த இடத்தில் நின்று, "இங்கதான் நின்னாங்க, வரிசையா," என்று கையால் காட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. தான் குடிக்கவில்லை என்று நிரூபிக்கத்தான் அவன் எங்களைக் கூட்டிவந்தான், அங்கே போனதும் அந்த நினைப்பே அவனுக்கு இல்லை. வெங்கடேசுலு சார் சேற்றில் கால் வைக்காமல், "வத்தம்மா, போதாம் பதண்டி, வேணாம், கெளம்பலாம்," என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். சேற்றில் தூக்கை வைத்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

ஆபீசுக்கு வந்தால் மேனேஜர் காத்துக்கொண்டிருந்தார். விஷயம் மேலே போய்விட்டது. அவர் நல்ல மனுஷர், ஒரு வழி வைத்திருந்தார். தப்பான ஊர் பெயர் கம்ப்யூட்டரில் வந்தது, டிரைவர் தேடி அலைந்தான், பால் அளந்ததில் பிசகு, இப்படி எழுதி முடித்துவிடலாம். "ஆனா அந்தப் பொய் ஊரை இன்னிக்கே அழிச்சுட்டேன்னு காட்டணும்மா. அழிச்சா உங்க அண்ணன் வேலை தப்பும். இல்லன்னா என் கையில இல்ல," என்றார். ரெண்டு நாள் கொடுங்கள் சார் என்றேன். எதற்கு ரெண்டு நாள் என்று கேட்டார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அந்த ஊரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள் என்றேன்.

"எடுத்தா அவங்க இன்னா ஆவாங்க?" என்றான்.

"அண்ணா, அது நான் சும்மா அடிச்ச பேரு."

"எடுக்காத பாப்பா. எனக்கு வேற வண்டி கெடைக்கும்."

கிடைக்காது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள், இந்தச் சாவியும் போனால் அவன் மறுபடி எங்கே போய் உட்காருவான் என்பதும் எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு, நாடியைத் திறந்து கடைசியாக ஒருமுறை பார்த்தேன். சிவப்பாக இருந்தது. முப்பத்தெட்டு இல்லை, நூறும் இல்லை. நாற்பத்தொன்று என்று இருந்தது. அன்றைக்கும் கறந்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது, தோன்றியதும் அழுகை வந்துவிட்டது. நிச்சயமாக அழிக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

அண்ணன் வேலை தப்பியது. இன்றைக்கும் அதே வண்டிதான் ஓட்டுகிறான், ஒருவரும் அவன் வாயை மோப்பதில்லை. புதிய நாடி செய்தேன், அதில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் ஒரு எண்.

அழித்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து தூக்கைப் பார்த்தேன். எழுத்து இல்லை. தேய்ந்த மாதிரியும் இல்லை, கடையில் இருந்து புதிதாக வாங்கின மாதிரி வழவழவென்று இருந்தது. விரலால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்த வாரம் அண்ணன் வந்தபோது அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "வேற தூக்கு மாத்திட்டியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். தூக்கை இருந்த இடத்திலேயே வைத்தான். ஆனால் தினம் அந்தக் கால்வாய்த் திருப்பத்தில் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுக் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருகிறான், வெங்கடேசுலு சாருக்குத் தெரியும், அவர் கேட்பதில்லை.

அழித்ததற்கு முந்தின நாள் நகல் இருக்குமே, அதிலிருந்து எடுத்துவிடலாமே என்று என் வேலையில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். எடுத்தேன். யாருக்கும் போகாத மாதிரி, நான் மட்டும் பார்க்கிற இடத்தில் வைத்தேன். ஊர்ப் பெயர் வந்தது, நூறு லிட்டர் வந்தது, கொழுப்பு நாலு வந்தது. பொறுப்பாளர் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. காலியாக இருந்தால் சேமிக்கவே விடாத இடம் அது.

நானே மறுபடி முனெம்மா என்று அடிக்கலாம், எத்தனையோ தடவை கையைக் கொண்டுபோயிருக்கிறேன். அன்றைக்குச் சும்மா அடித்தேன், வந்தது. இப்போது கை வரவில்லை. தினம் அதைத் திறந்து பார்க்கிறேன், எப்போதும் பச்சைதான். உலகத்தில் சிவப்பு வராதா என்று காத்துக்கொண்டிருக்கிற ஒரே கண்காணிப்பாளர் நானாகத்தான் இருப்பேன்.

தூக்கு என் சமையலறையில் இருக்கிறது. அண்ணி போட்ட சர்க்கரை அதில் அப்படியே இருக்கிறது, மூடி சரியாகப் பொருந்தாது, சற்றுத் திறந்தே இருக்கும். எங்கள் வீட்டில் எறும்புக்குப் பஞ்சமே இல்லை, தீப்பெட்டியைக்கூட விடாது. அந்தத் தூக்கின் பக்கம் இன்றுவரை ஒன்றுகூட வந்ததில்லை.